மறுகால் பாயும் ஊர்கள்

2024ஆம் ஆண்டு டிசம்பர் 24ஆம் தேதி தில்லியிலிருந்து ஒரு சேதி வந்தது. ஏழு வாரமாக மதுரை மாவட்டத்தின் மேலூர் வட்டாரத்தைத் தூங்கவிடாமல் அடித்த நாயக்கர்பட்டி டங்ஸ்டன் சுரங்க ஏலம் பற்றிய சேதி. அரிட்டாபட்டி பல்லுயிர்ப் பாரம்பரியத் தலத்தைத் தவிர்த்துவிட்டு எல்லையை மாற்றி வரையலாமா என்று மறுபடி பார்க்கும்படி இந்தியப் புவியியல் ஆய்வு நிறுவனத்திடம் கேட்டிருப்பதாகச் சுரங்க அமைச்சகம் அறிவித்தது.

ஏலம் விட்ட பரப்பு 2,015.51 ஹெக்டேர். அதில் பல்லுயிர்த் தலம் 193 ஹெக்டேர் சொச்சம். பத்தில் ஒரு பங்குகூட வராது. அதைக் கத்தரித்து எடுத்துவிட்டால் அரிட்டாபட்டியின் மலையும் குடைவரைக் கோயிலும் வல்லூறுக் கூடுகளும் தப்பிவிடும். பத்திரிகைகளிலும் தொலைக்காட்சியிலும் அத்தனை நாளும் அடிபட்ட பெயர் அரிட்டாபட்டிதான். எனவே தில்லியில் உட்கார்ந்து யோசித்தவர்களுக்கு இது நியாயமான சமரசமாகப் பட்டிருக்கும். அரிட்டாபட்டி அடங்கிவிட்டால் போராட்டம் அடங்கிவிடும்.

அடங்கவில்லை. அரிட்டாபட்டியும் சரி, சுற்றுப்பட்டு ஊர்களும் சரி, முழு ஏலத்தையும் ரத்து செய்தால்தான் ஆச்சு என்று நின்றன. அந்த நாட்களில் மேலூர் டீக்கடை ஒன்றில் ஒரு விவசாயி சொன்னதை அப்படியே எழுதி வைத்திருக்கிறேன். “எங்க மலைய மட்டும் விட்டுட்டு அடுத்த ஊர்ல தோண்டுவாகளாம். வெடி வச்சா பறக்குற தூசி, ஊர் எல்லையில நின்னு செருப்பக் கழட்டிட்டு, உத்தரவு கேட்டுட்டா தம்பி உள்ள வரும்?”

பக்கத்திலிருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்கோ வேறொரு கேள்வி. தூசி, தண்ணீர், நோய் என்று அச்சங்கள் எல்லா ஊரிலும் உண்டு. நாட்டில் எத்தனையோ இடங்களில் இதே அச்சம் இருந்தும், பாதிக்கப்பட்ட ஊர்கள் ஒன்றை ஒன்று விட்டுக்கொடுத்து, ஆளுக்கொரு இழப்பீடு வாங்கிக்கொண்டு கலைந்திருக்கின்றன. இங்கே ஏன் கலையவில்லை?

மண்பாசம் என்று ஒரு சொல் இருக்கிறது. சினிமாக்காரர்கள் அதை ரொம்பவே துவைத்துக் காயப்போட்டுவிட்டார்கள். அதனால் அந்தச் சொல்லை ஓரமாக வைத்துவிட்டுத் தண்ணீரிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

பாறை என்னும் கூரை

மதுரைக்கு வடகிழக்கே சுமார் 25 கிலோமீட்டரில் இருக்கிறது அரிட்டாபட்டி. சுற்றிலும் ஏழு குன்றுகள். கழிஞ்சமலை, நாட்டார்மலை, ராமாயி மலை, வயித்துப்பிள்ளான் மலை, தேன்கூட்டு மலை என்று ஆளுக்குப் பெயர் வைப்பதுபோல் ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர். வெளியூர்க் கண்ணுக்கு அவை மொட்டைப் பாறைகள். நானும் முதல் தடவை அப்படித்தான் பார்த்தேன். ‘இதைக் காப்பாற்ற என்ன இருக்கிறது’ என்றுகூட நினைத்தேன். நினைத்ததை மறைக்க விருப்பமில்லை.

மொட்டைப் பாறைதான் விஷயமே. மழை பெய்தால் பாறை குடிக்காது, வழியவிடும். வெடிப்புகளில் தங்குவது சுனையாகிறது. மிச்சமெல்லாம் சரிவில் ஓடி அடிவாரத்துக்கு வருகிறது. ஓட்டு வீட்டுத் தாழ்வாரத்தில் அண்டா வைத்துக் கூரைத் தண்ணீர் பிடிப்போமே, அதே வேலையை இங்கே மலையும் கண்மாயும் செய்கின்றன. 2022 நவம்பரில் தமிழக அரசு இந்த இடத்தை மாநிலத்தின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவித்தபோது 72 நீர்நிலைகள், 200 இயற்கைச் சுனைகள், மூன்று தடுப்பணைகள் என்று கணக்குச் சொன்னது. அவற்றில் ஆனைகொண்டான் கண்மாய் பாண்டியர் காலத்தது. சுமார் 250 பறவை இனங்கள், தேவாங்கு, எறும்புத்தின்னி, மலைப்பாம்பு எல்லாம் அந்தப் பட்டியலில் உண்டு. லக்கர் வல்லூறும் ஷாஹீன் வல்லூறும் ராஜாளியும் இந்தப் பாறைகளில்தான் இருக்கின்றன.

ஆனால் ஊரார் பேச்சில் வல்லூறு பின்னால்தான் வரும். முன்னால் வருவது கலுங்கு.

ஒரு கண்மாய் நிறைந்தால் மிச்சத் தண்ணீர் கலுங்கு வழியாக வெளியேறும். மறுகால் பாய்கிறது என்பார்கள். அந்த மறுகால் அடுத்த கண்மாய்க்கு வரத்து. அது நிறைந்து மறுகால் பாய்ந்தால் அதற்கடுத்த ஊருக்கு. தென் மாவட்டங்களின் கண்மாய்கள் பெரும்பாலும் இப்படிச் சங்கிலியாகக் கோத்துக் கிடப்பவை. மேலே இருப்பவன் கலுங்கில் நாலு கல்லை அடுக்கி உயர்த்திவிட்டால் கீழே இருப்பவனுக்கு விதைப்பு இல்லை. கீழே இருப்பவன் அந்தக் கல்லை ராத்திரியில் பிடுங்கிப் போட்டால் வெட்டுக்குத்து. கலுங்குக்கல் சண்டையால் கோர்ட் ஏறிய ஊர்கள் இந்தப் பக்கம் ஏராளம். இந்தச் சண்டையையும் உறவின் கணக்கில்தான் எழுத வேண்டும். தனக்குச் சம்பந்தமில்லாதவனோடு யாரும் தலைமுறை தலைமுறையாகச் சண்டை போடுவதில்லை.

ஐந்து மைல் தள்ளியிருக்கும் ஊரில் மழை பெய்ததா என்று விசாரிக்கும் பழக்கம் சங்கிலியில் வாழ்கிறவர்களுக்கு ரத்தத்தில் உண்டு. வருவாய்த் துறையின் வரைபடத்தில் கிராமங்கள் தனித்தனிக் கட்டங்கள். தண்ணீருக்கு அந்தக் கட்டங்கள் தெரியாது. சுரங்க எல்லையை மாற்றி வரைகிறோம் என்று சொன்னவர்கள் பார்த்தது வருவாய் வரைபடத்தை. மறுத்தவர்கள் மனதில் இருந்தது நீர்வரத்தின் வரைபடம்.

இலங்கையில் பிறந்த மானிடவியலாளர் வாலண்டைன் டேனியல் 1984இல் வெளியிட்ட ‘ஃப்ளூயிட் சைன்ஸ்’ என்ற நூலில் ‘ஊர்’ என்ற சொல்லையும் ‘கிராமம்’ என்ற சொல்லையும் பிரித்துப் பார்க்கிறார். கிராமம் அரசாங்கம் கோடு போட்டுப் பிரித்தது. ஊர் அப்படியில்லை, எல்லைச்சாமி நிற்கும் இடமும் பாதை கூடும் இடமும்தான் அதன் விளிம்பு. நம் ஆத்தாக்களுக்கு இது தெரியாததா என்ன? தெரியும். ஆனால் ஒரு சுரங்க ஏலத்தின் முன்னால் நின்று பார்க்கும்போது, அந்த வித்தியாசத்தில் ஒரு வட்டாரத்தின் தலையெழுத்தே தொங்குகிறது.

பாதிரிக்குடியார் பொறுப்பு

கழிஞ்சமலையில் ஏறுவது சிரமமில்லை. குகைத்தளத்தில் இரண்டு தமிழிக் கல்வெட்டுகள் இருக்கின்றன, ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுப் பழமை கொண்டவை. சமணத் துறவிகளுக்குக் குகையைச் செய்து கொடுத்தவர்களின் பெயரைச் சொல்பவை. ஒருவர் நெல்வேலிக்காரர், இன்னொருவர் இலஞ்சிக்காரர். இருவருக்கும் பெயருக்கு முன்னால் ஊர்ப்பெயர் நிற்கிறது. தெற்கே எங்கிருந்தோ இங்கே வந்து கொடை கொடுத்தவர்கள், தங்களை அடையாளம் சொல்ல முதலில் எடுத்தது ஊரைத்தான். அண்டையில் இருக்கும் மாங்குளம் மலையிலும் இப்படியே. 1882இல் ராபர்ட் சீவெல் கண்டறிந்த அந்தக் கல்வெட்டுகளில் பாண்டியன் நெடுஞ்செழியன் பெயரும் வெள்ளறை என்ற ஊரின் வணிகக் குழுவும் வருகின்றன.

என்னை அதிகம் நிறுத்தி வைத்தது கொஞ்சம் பின்னால் வந்த இன்னொன்று. அதே மலையில் பாறை முகப்பில் ஒரு தீர்த்தங்கரர் புடைப்புச் சிற்பம். கீழே வட்டெழுத்து. மலைக்குத் திருப்பிணையன் மலை என்று அப்போது பெயர். அச்சணந்தி என்ற சமண முனிவர் இந்தத் திருமேனியைச் செய்வித்தார் என்றும், பாதிரிக்குடியாரின் ரட்சை என்றும் அது சொல்கிறது. ஆயிரம் வருடத்துக்கு முந்தைய சேதி.

ரட்சை என்றால் காவல். சிற்பத்தைச் செய்வித்தவர் துறவி. அவர் நாளைக்கே கிளம்பி அடுத்த மலைக்குப் போய்விடுவார். அச்சணந்தி பெயர் தென்னாட்டில் பல மலைகளில் கிடைக்கிறது. தங்கப் போவது ஊர். எனவே பொறுப்பை ஊரிடம் ஒப்படைத்து, ஒப்படைத்ததைக் கல்லில் வெட்டியும் வைத்துவிட்டார்கள். பாதிரிக்குடியார் எல்லோரும் சமணர்களா? கல்வெட்டு அதைப் பற்றிப் பேசவில்லை. இன்றைக்கு அங்கே சமணம் இல்லை. மலையின் இன்னொரு பக்கம் முற்காலப் பாண்டியர் குடைந்த சிவன் கோயில் இருக்கிறது, அபூர்வமான லகுலீசர் சிற்பத்தோடு. சாமிகள் மாறியிருக்கிறார்கள், மலைக்கே பெயர் மாறியிருக்கிறது. காவல் என்கிற அந்த வேலை மட்டும் ஏதோ ஒரு வடிவில் ஆள்மாற்றிப் போய்க்கொண்டிருக்கிறது.

வெள்ளைத் துண்டு

காவல் என்றவுடன் கம்போடு நிற்கும் ஆளை நினைத்துக்கொள்ள வேண்டாம். ஒரு இடத்தோடு சேர்ந்திருப்பது என்றால் என்ன என்று எனக்குச் சொல்லிக் கொடுத்தது மீன்பிடித் திருவிழாதான்.

மதுரை, சிவகங்கை, புதுக்கோட்டைப் பக்கங்களில் அறுவடை முடிந்து, கண்மாயில் தண்ணீர் முழங்காலுக்கு இறங்கும் மாசி, பங்குனி, சித்திரை மாதங்களில் இது நடக்கும். முதல் நாளே சுற்றுப்பட்டு ஊர்களுக்கெல்லாம் சேதி போய்விடும். இப்போது வாட்ஸ்அப்பில் போகிறது. விடியும் முன்பே டாட்டா ஏஸ், டூவீலர், சைக்கிள் என்று கரையில் கூட்டம் சேரும். கையில் ஊத்தா, கச்சா, வலை, கொசுவலை, சில பேரிடம் பழைய சேலை.

நான் போன கண்மாயில் யாரும் தண்ணீரில் கால் வைக்கவில்லை. ஆயிரம் பேர் இருப்பார்கள். கரையில் சாமி கும்பிட்டு முடியவேண்டும். ஊர்ப் பெரியவர் ஒருவர் மேட்டில் ஏறி நின்றார். தோளில் வெள்ளைத் துண்டு. எல்லார் கண்ணும் அந்தத் துண்டில்தான். அவர் சும்மா வியர்வை துடைக்க அதை எடுத்தபோது ஒரு பக்கம் நாலு பையன்கள் பாய்ந்துவிட்டார்கள். “ஏலே, ஏறுங்கடா மேல!” என்று கரை முழுவதும் ஒரே சத்தம். பையன்கள் அசடு வழிய ஏறி நின்றார்கள். பிறகு நிஜமாகவே துண்டு வீசப்பட்டது. அதற்கப்புறம் சில நிமிடம் சேறும் சத்தமும் தவிர எதுவும் தெரியவில்லை.

என் பக்கத்தில் எழுபது தாண்டிய ஒரு அப்பத்தா. சேலையை வரிந்து கட்டியிருந்தார். ஊத்தா என்பது அடியும் மேலும் திறந்த கூடை. அடி அகலம், மேல்வாய் குறுகல். கலங்கலில் அதைச் சேற்றோடு அழுத்திப் போட்டுவிட்டு மேல்வாய் வழியே கையை விட்டுத் துழாவ வேண்டும். பார்வைக்கு அங்கே வேலையில்லை. அப்பத்தா வானத்தைப் பார்த்துக்கொண்டே துழாவினார். “கெளுத்திடா. முள்ளு குத்தும்” என்றார். வெளியே எடுத்தபோது கெளுத்திதான். அடுத்த முறை கை உள்ளே போய் நின்றது. முகம் மாறியது. “விராலு.” இரண்டு கையும் உள்ளே போயின. முழங்கை வரை சேறு. வழுக்கியது, மறுபடி பிடித்தார். மடியில் போட்டு முடிந்துகொண்டு என்னைப் பார்த்து, “நீ என்ன பிடிச்ச?” என்றார். நான் ஒரு கைப்பிடி ஜிலேபிக் கெண்டையைக் காட்டினேன். அவர் பதில் எதுவும் சொல்லாமல் இன்னொரு கெளுத்தியை என் பையில் போட்டுவிட்டு நகர்ந்தார். அந்த அம்மாள் அந்த ஊர் இல்லை என்பது கரையேறிய பிறகுதான் தெரிந்தது; அவரும் என்னைப் போல வெளியூர்.

இதில் ஒரு கணக்கு இருக்கிறது. கண்மாய் மீனைக் குத்தகைக்கு விட்டால் பணம் வரும். பல ஊர்களில் மீன்பாசி ஏலம் நடக்கத்தான் செய்கிறது. திருவிழா நடத்தும் ஊர் அந்தப் பணத்தை வேண்டாமென்று விட்டுவிட்டு, யார் என்றே தெரியாத ஆயிரம் பேருக்கு மீனை அள்ளிக்கொள்ளச் சொல்கிறது. பல இடங்களில் பிடித்த மீனை விற்கக் கூடாது என்று கட்டுப்பாடு வேறு. இப்படிச் செய்தால் அடுத்த வருடம் மழை பெய்து கண்மாய் பெருகும் என்று நம்பிக்கை. நம்பிக்கை பலிக்குமா என்பது வேறு. ஆனால் இன்று நம் கண்மாயில் மீன் பிடித்துப் போன ஊர், நாளை தன் கண்மாய்க்கு நம்மைக் கூப்பிடும். யாராவது கலுங்கில் கல் அடுக்கினால், அதைப் பேசித் தீர்க்கவும் ஒரு முகம் பழகியிருக்கும்.

தலைக்கட்டுக் கணக்கு

ஊர்க்காரர் என்றால் யார்? சட்டப்படி ஆதார் அட்டை, வாக்காளர் பட்டியல். ஊர்ப்படி தலைக்கட்டு வரி நோட்டு. கல்யாணமாகித் தனிக்குடும்பமான ஆள் ஒரு தலைக்கட்டு. திருவிழா என்றால் தலைக்கட்டுக்கு இவ்வளவு என்று பிரிப்பார்கள். திருப்பூரில் பனியன் தைக்கிறவரும் சிங்கப்பூரில் கட்டட வேலை பார்க்கிறவரும் இந்த நோட்டில் இருப்பார்கள். ஊரில் வீடு இடிந்து கிடக்கலாம், நிலத்தை விற்றிருக்கலாம். வரி மட்டும் வந்துவிடும். இப்போது ஜிபேயில் வருகிறது. எனக்குத் தெரிந்து பத்து வருடமாக ஊர் மிதிக்காத ஒருவர், வரி வாங்க மறந்துவிட்டார்கள் என்பதற்காகச் சென்னையிலிருந்து போன் போட்டுச் சண்டை பிடித்திருக்கிறார். “என்னைய ஊரைவிட்டுத் தள்ளி வச்சுட்டீகளா?” என்பது அவர் கேள்வி. ஐந்நூறு ரூபாய் சமாசாரம்.

ஆனால் இந்த நோட்டில் பெண் பெயர் தேடினால் கிடைப்பது அபூர்வம். இது எனக்கு எப்போதும் உறுத்தும் இடம். ஊர் என்று சொல்லும்போது அதில் பாதிப் பேர் வேறு ஊரில் பிறந்து வாழ்க்கைப்பட்டு வந்த பெண்கள். மலையின் பெயரையும் சுனையின் ருசியையும் எந்தச் சாமிக்கு என்ன வழக்கம் என்பதையும் இருபது வயதில் புதிதாகக் கற்றுக்கொண்டவர்கள். ஒரு இடத்தோடு ஒட்டுதல் பிறப்பால் வருவது என்றால் இவர்களுக்கு வந்திருக்கக் கூடாது. ஆனால் டங்ஸ்டன் போராட்டத்தின் எந்தப் படத்தை எடுத்துப் பார்த்தாலும் முன்வரிசையில் இருப்பது அவர்கள்தான். நாற்று நட்டும் ஆடு மேய்த்தும் தண்ணீர் சுமந்தும் உடம்பில் ஏறிய ஒட்டுதல் அது.

இன்னொரு உறுத்தலும் உண்டு. கண்மாய் பொதுச்சொத்து என்று பேசும்போது நாம் கொஞ்சம் வேகமாக நெகிழ்ந்துவிடுகிறோம். சிவகங்கை, ராமநாதபுரச் சீமையின் கண்மாய்களைப் பல ஆண்டு ஆராய்ந்த டேவிட் மோஸ் 2003இல் வெளியிட்ட ‘தி ரூல் ஆஃப் வாட்டர்’ நூலில் அந்த நெகிழ்ச்சியைக் கலைக்கிறார். கண்மாய் நிர்வாகம் சமத்துவத்தால் ஓடவில்லை, சாதியும் அதிகாரமும் கோயில் மரியாதையும் சேர்ந்து ஓட்டின என்பது அவர் கண்டது. உண்மைதான். மடையைத் திறந்து, வயல் வயலாகத் தண்ணீரைப் பங்கிட்ட நீர்க்கட்டிகள் பல ஊர்களில் ஒடுக்கப்பட்ட சாதியினர். தண்ணீரின் சூட்சுமம் முழுவதும் அவர்கள் கையில். நிலம் பெரும்பாலும் இன்னொருவர் கையில். குடிமராமத்து என்று இன்று நாம் பெருமையாகச் சொல்வதை 1858இல் வெள்ளைக்காரன் சட்டமாக எழுதியபோது அதற்கு வைத்த பெயரே கட்டாய உழைப்புச் சட்டம். கரையில் மண் சுமந்தவர் எல்லோரும் ஊர்ப்பற்றால் சுமக்கவில்லை. இதையும் சேர்த்துச் சொல்லாவிட்டால் இந்தக் கட்டுரை ஊர்ப் பொங்கல் மலரில் வரும் வாழ்த்துச் செய்தியாகிவிடும்.

77 நாட்கள்

மேலூர் வட்டாரத்துக்கு மலையை இழப்பது என்றால் என்னவென்று கேள்விப்பட்டுத் தெரிந்துகொள்ள வேண்டிய அவசியமில்லை. கீழவளவு, கீழையூர், திருவாதவூர்ப் பக்கம் போனால் கண்ணால் பார்க்கலாம். கிரானைட் குவாரிகள் குன்றுகளைத் துண்டு துண்டாக அறுத்து ஏற்றிப் போன வட்டாரம் இது. மலை இருந்த இடத்தில் செங்குத்தாகக் குழி, குழியில் பச்சைத் தண்ணீர், கரையில் ஏற்றாமல் விட்ட கற்கள். 2011, 2012இல் உ.சகாயம் மதுரை ஆட்சியராக இருந்தபோது முறைகேடு வெளியே வந்தது; உயர் நீதிமன்றம் 2014இல் அவரையே சட்ட ஆணையராக நியமித்து விசாரிக்கச் சொன்னது. அரிட்டாபட்டியின் குன்றுகளுக்கும் கிரானைட் ஆபத்து வந்து, ஊர் எதிர்த்து நின்று தடுத்தது. அந்தப் போராட்டத்தில் சேர்ந்தவர்கள்தான் பிறகு பறவைகளைக் கணக்கெடுக்க வந்தவர்களுக்கும் கல்வெட்டு படிக்க வந்தவர்களுக்கும் வழி காட்டினார்கள். 2022 அறிவிப்பு வானத்திலிருந்து குதிக்கவில்லை.

பிறகு 2024 நவம்பர் 7. ஏலத்தில் வென்ற நிறுவனம் இந்துஸ்தான் ஜிங்க் என்று அறிவிப்பு வருகிறது. 2023இல் திருத்தப்பட்ட சட்டத்தின்படி முக்கியக் கனிமங்களை மத்திய அரசே ஏலம் விடலாம். டங்ஸ்டன் அந்தப் பட்டியலில் இருக்கிறது. துளைக்கருவி முதல் ராணுவத் தளவாடம் வரை அது வேண்டியிருக்கிறது, நம் நாடு இறக்குமதியை நம்பியிருக்கிறது என்ற வாதத்தை நான் அலட்சியப்படுத்தவில்லை. ஆனால் அந்த வாதத்தை ஊருக்கு வந்து சொல்ல ஏலத்துக்கு முன்னால் யாரும் மெனக்கெடவில்லை. பேப்பரில் பார்த்துத்தான் தெரிந்துகொண்டார்கள்.

அதற்கப்புறம் நடந்தவை எல்லாருக்கும் தெரிந்தவை. கிராம சபைகளில் தீர்மானங்கள். டிசம்பர் 9 அன்று சட்டமன்றத்தில் ஒருமனதாகத் தீர்மானம். 2025 ஜனவரி 7 அன்று நரசிங்கம்பட்டியிலிருந்து மதுரை தல்லாகுளம் நோக்கி ஆயிரக்கணக்கானோர் நடை. மேலூரில் கடையடைப்பு. ஜனவரி 22 அன்று ஊர்ப் பிரதிநிதிகள் தில்லியில் சுரங்க அமைச்சர் கிஷன் ரெட்டியைச் சந்தித்தார்கள். மறுநாள் ஏலம் ரத்து. நவம்பர் 7இலிருந்து எண்ணினால் 77 நாட்கள்.

எந்தக் கட்சி எவ்வளவு செய்தது என்று இன்றும் பட்டிமன்றம் நடக்கிறது, நடக்கட்டும். நான் கவனித்தது வேறு. இவ்வளவு பெரிய கூட்டத்துக்குப் புதிதாக ஒரு அமைப்பைக் கட்டவேண்டிய தேவை பெரிதாக இருக்கவில்லை. எந்த ஊருக்கு யார் சேதி சொல்வது, யார் வீட்டு வாசலில் கூட்டம் போடுவது, சோறு எங்கே பொங்குவது, வண்டிக்கு யார் பொறுப்பு என்பதெல்லாம் மஞ்சுவிரட்டுக்கும் சாமி கும்பிடுக்கும் மீன்பிடிக்கும் ஏற்கெனவே ஓடிப் பழகிய தடம். தலைக்கட்டு வரி வசூலித்த அதே பையன்கள்தான் போராட்டச் செலவுக்கு நோட்டோடு வந்தார்கள். ஜனவரி நடைபயணத்தில் ஒரு ஊர்க்காரர்கள் சமையல் சட்டியோடு வந்திருந்ததைப் பார்த்து நான் ஆச்சரியப்பட்டபோது, “சித்திரைத் திருவிழாவுக்கு அழகரோட நடக்கிறோம்ல, அதே சட்டிதான்” என்றார் ஒருவர்.

எல்லா இடத்திலும் இந்தக் காவலுக்கு ஆபத்தும் ஊர்வலமும் தேவைப்படுவதில்லை. மேலூரைத் தாண்டித் திருப்பத்தூர்ச் சாலையில் போனால் வேட்டங்குடி பறவைகள் சரணாலயம். 1977இல் அறிவிக்கப்பட்டது. அதை ஒட்டிய கொள்ளுக்குடிப்பட்டி, வேட்டங்குடிப்பட்டி ஊர்களில் தீபாவளிக்கு வெடி இல்லை. நாரையும் அரிவாள்மூக்கனும் கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கும் மாதங்கள் அவை. வெடித்தால் தாய் பறந்துவிடும், குஞ்சு கீழே விழுந்துவிடும். தலைமுறையாக இதுதான் வழக்கம். அந்த ஊரில் வாழ்க்கைப்பட்டுப் போகும் பெண்ணின் தலைதீபாவளிக்கும் வெடி கிடையாது. வனத்துறை மிட்டாய் கொடுக்கிறது. இந்தத் தியாகத்தை மிட்டாயால் அளக்க முடியுமா என்று தெரியவில்லை. ஆனால் அந்த ஊர்ப் பிள்ளைகள் அதைத் தியாகமென்று சொல்லி நான் கேட்டதில்லை. “வெடிச்சா பறவை போயிரும்ல” என்பார்கள், மழை பெய்தால் நனைவோம் என்று சொல்கிற தோரணையில்.

அழகர்மலைக்கு அந்தப் பக்கம், திண்டுக்கல் மாவட்டம் காசம்பட்டியில் ஒரு கோயில்காடு. மாந்தோப்புகளுக்கு நடுவே வெறும் 4.97 ஹெக்டேர். வீரணன் சாமிக்கு விட்ட காடு என்பதால் கோடாலி படாமல் நின்ற இடம். 2025இல் தமிழகத்தின் இரண்டாவது பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அதை அறிவித்தார்கள்.

சுரங்க ஏலம் ரத்தான பிறகு சில வாரம் கழித்து மேலூர்ப் பக்கத்து ஊர் ஒன்றுக்குப் போயிருந்தேன். போராட்டத்தில் தோளோடு தோள் நின்ற இரண்டு பேரை ஒன்றாக உட்காரவைத்துப் பேட்டி எடுக்கலாம் என்று திட்டம். முதலாமவர் வீட்டில் மோர் கொடுத்தார்கள். இரண்டாமவரைக் கூப்பிடலாமா என்று கேட்டேன். மோர்ச் சொம்பைக் கீழே வைத்தார்.

“அவரு வரமாட்டாரு தம்பி. நானும் வரமாட்டேன்.”

“ஏண்ணே? தல்லாகுளம் வரைக்கும் சேர்ந்து நடந்தீங்களே?”

“அது டங்ஸ்டனுக்கு. இது கலுங்குக் கல்லுக்கு. போன ஐப்பசியில நாலு கல்லு ஏத்தி வச்சாரு. சுரங்கம் வந்ததால அப்ப பேசல. இப்பத்தான் பேசணும்.”

வரும் வெள்ளிக்கிழமை கோயில் வாசலில் கூட்டம் போட்டிருக்கிறார்களாம். இரண்டு ஊர்ப் பெரியவர்களும் வருகிறார்களாம். “நீங்களும் வாங்க, கறிச்சோறு உண்டு” என்றார்.